ஸ்பீக்கர் பக்கத்து சீட்டு

"முன்வரிசை வேணவே வேணாம். கழுத்து வலிக்கும், நாடக ராசாவோட செருப்பு மட்டுந்தான் தெரியும். நாலாவது வரிசை, நடு மத்தி, ஃபேனுக்குக் கீழ. அதுதான் சீட்டு!"

டிக்கெட்டு விசயத்துல எங்க ஊரு பாலவனத்தத்துல இந்த அழகுத்தாய் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சர்க்கஸோ பொருட்காட்சியோ, எங்க தெருப் பொம்பளைகளுக்கு நான்தான் டிக்கெட்டு எடுக்கணும்.

அருப்புக்கோட்டை மண்டபத்துல மூணு நாளு பாட்டு நாடகம், மத்தியான ஆட்டம்னு நோட்டீஸ் வந்துச்சு. நேரா போயி மேனேஜரைப் பிடிச்சேன்.

"மொத்தமா பத்துப் பேரு வாரோம். எவ்வளவு குறைப்பீக?"

"குறைக்க முடியாதும்மா."

"அப்ப காலி சேருக்கே ஆடிக் காட்டுங்க."

மனுசன் மிரண்டு போயி, நாலாவது வரிசையப் பாதி விலைக்குக் குடுத்தான். "இதை விடக் கம்மின்னா ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு சீட்டுதான் இருக்கு. அதை யாரும் வாங்க மாட்டாக"ன்னான்.

இதைத் தெருவுல சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டு மாரிக்கனி மதினி மட்டும் சிரிக்கல.

"எனக்கு அந்த ஸ்பீக்கர் பக்கத்து சீட்டை வாங்கிக் குடு அழகு."

"காது கிழிஞ்சிரும் மதினி! மேடையும் பாதிதான் தெரியும்."

"பரவாயில்ல."

"மகன் பாண்டிராஜ் வெளிநாட்டுல இருந்து அனுப்புறதையெல்லாம் என்னதான் பண்றீக? போகும்போது கட்டிக்கிட்டா போகப்போறீக?"

மதினி என்னையப் பாத்தாக. டிக்கெட்டுக் காசை என் கையில வச்சாக.

மொத நாளு நாங்க நாலாவது வரிசையில ஜம்முன்னு உக்காந்து பாத்தோம். மதினி அந்தப் பெட்டிக்கு ஓரமா, முந்தானையால தலையை மூடிக்கிட்டு உக்காந்திருந்தாக. 'கஞ்சப் பிசினாறி'ன்னு எங்க வரிசையே பேசிச் சிரிச்சுச்சு.

சரி, அதோட விட்டாகளா? மதினி மறுநாளும் தனியா பஸ்ஸு ஏறிப் போயிட்டாக!

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவுக மருமக ராஜேஸ்வரிக்கு நிறைமாசம். தாயில்லாப் பிள்ளைன்னுதான் பிரசவத்துக்கு மாமியா வீட்டுலயே இருக்கு. அதைத் தனியா விட்டுட்டு இந்த வயசுல தினமும் நாடகமா?

மூணாம் நாளு மதினி கிளம்பிப் போன கொஞ்ச நேரத்துல என் மக ரோஷினி ஓடியாந்தா. "அம்மா, ராஜேஸ்வரி அக்காவுக்கு வலி வந்துருச்சு!"

மதினிக்குப் போன் போட்டேன். போட்டேன், போட்டேன், எடுக்கவே இல்ல. ஆட்டோ பிடிச்சு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நாங்களே கூட்டிட்டுப் போனோம்.

வலியோட வலியா ராஜேஸ்வரி என் கையப் பிடிச்சுக்கிட்டா. "சித்தி, அத்தையக் கூட்டிட்டு வாங்க. எங்க வீட்டுக்காரவுகளுக்கும் எப்படியாச்சும் சொல்லச் சொல்லுங்க. இப்பக் கடலுக்குள்ள வேலையாம், டவரு கிடைக்காதுன்னு அத்தை சொன்னாக. அவுக குரலைக் கேட்டா தெம்பா இருக்கும்."

பாவமா இருந்துச்சு. ரோஷினிய அங்க இருக்கச் சொல்லிட்டு மண்டபத்துக்கு ஓடுனேன். இன்னைக்கு அந்தப் பொம்பளைய நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டே தீரணும்னு போனேன்.

"டிக்கெட்டு எங்கம்மா?"ன்னு வாசல்ல ஒருத்தன் மறிச்சான்.

"உன் டிக்கெட்டுல இடி விழ! தள்ளுய்யா!"

உள்ள பபூன் ஆடிப் பாடிக்கிட்டு இருந்தான். சனம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. மதினி ஸ்பீக்கர் பக்கத்துல தலைய மூடிக் குனிஞ்சிருக்காக. முதுகு குலுங்கிக் குலுங்கி ஆடுது.

அங்க ஒரு உசுரு துடிக்குது, இங்க சிரிப்பைப் பாருன்னு முந்தானையப் பிடிச்சு இழுத்தேன்.

சிரிக்கல. வாயைத் தொறந்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தி அழுதுக்கிட்டு இருந்தாக. பாட்டுச் சத்தத்துல அது பக்கத்துல நின்ன எனக்கே கேக்கல.

கையப் பிடிச்சு வெளிய கூட்டியாந்தேன்.

"ராஜேஸ்வரிக்கு வலி வந்துருச்சு மதினி. ஆஸ்பத்திரியில சேத்துட்டோம்."

உடனே அழுகைய நிப்பாட்டிட்டாக. குழாயில தண்ணி பிடிச்சு மூஞ்சியக் கழுவுனாக. தலைய ஒதுக்கி, சேலையச் சரி பண்ணிக்கிட்டு, "கண்ணு செவந்து தெரியுதா அழகு?"ன்னு கேட்டாக.

"என்னாச்சு மதினி? எதுக்கு இப்படி அழுகுறீக?"

"பாண்டிராஜ் செத்துப் போயிட்டான்."

நான் அவுக தோளைப் பிடிச்சுக்கிட்டேன்.

"போன வாரம். சாரம் சரிஞ்சு விழுந்துட்டானாம். கூட வேலை பாக்குற பையன் எனக்குப் போன் பண்ணிச் சொன்னான். உடம்பு வந்து சேர இன்னும் நாளாகுமாம்."

"ஐயோ! ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே மதினி!"

"வீட்டுல எந்நேரமும் ராஜேஸ்வரி கண்ணு எம்மேலயே இருக்கு. காட்டுல போயி அழுதாலும் ஆளுக கேட்டு ஓடியாந்துருவாக. பெத்தவளுக்கு வாய்விட்டு அழ அந்த ஒரு சீட்டுதான் கிடைச்சுச்சு."

நான் விம்மி அழுதுட்டேன். மதினிதான் என் கண்ணைத் துடைச்சுவிட்டாக. அந்தக் கையப் பிடிச்சுக்கிட்டு, "ராஜேஸ்வரிகிட்ட இப்பப் போயி என்ன சொல்லப் போறீக?"ன்னு கேட்டேன்.

"டவரு கிடைச்சுச்சு, உம் புருசன் பேசுனான், தைரியமா இருக்கச் சொன்னான்னு சொல்லப் போறேன். பிள்ள பெறக்குற வரைக்குமாச்சும் அவன் உசுரோட இருக்கட்டும் தாயி."