தேடி வந்த முதலாளி

ஏரிக்கரைப் புல்லில் ஒரு தூண்டில் முள் கிடந்தது. தூண்டிலின் நைலான் நரம்பு சிக்கலாகிப் போனதும், அவிழ்க்கப் பொறுமையில்லாமல் முள்ளோடு அறுத்து எறிந்துவிட்டுப் போயிருந்தார், மீன் பிடிக்க வந்த மனிதர். முள்ளுக்கோ அவர் மேல் துளிக்கூடக் கோபமில்லை.

சில நாள் கழித்து, அந்த நரம்பு ஒரு கொக்கின் காலைச் சுற்றிக்கொண்டது. கரையில் குடியிருந்த நண்டுதான் கொடுக்கால் நறுக்கி விடுவித்தது. கொக்கு போனதும் நண்டு முள்ளிடம் வந்தது.

"தம்பி, என் வளைக்கு வந்துடு. சேத்துக்குள்ளே ஆழமாப் புதைச்சு வைக்கிறேன். யார் காலுக்கும் வம்பில்லை."

"அதெப்படிண்ணே? முதலாளி என்னைத் தேடி வருவார். நான் இல்லேன்னா தவிச்சுப்போயிடுவார்."

"தேடுறவர் தூக்கி எறிவாராப்பா?"

"அன்னிக்கு மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. அவசரத்துல போயிட்டார். வேணும்னா பாருங்க, வருவார்."

நண்டு பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தது. முள் புல்லின் வேரைக் கவ்விக்கொண்டு அசைய மறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை கரையில் ஆள் அரவம் கேட்டது. அதே தொப்பி, அதே வாளி. முள்ளுக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தீங்களாண்ணே! நேரா என்கிட்டதான் வர்றார்!"

நண்டு எட்டிப் பார்த்தது. தண்ணீரில் கால் நனைத்து உட்காரும் ஆசையில், செருப்பைக் கழற்றித் தூர வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார் அவர்.

"ஆமாம் தம்பி, இடம் தப்பாமத்தான் வர்றார்" என்று சொல்லிவிட்டு, நண்டு வளைக்குள் இறங்கிக்கொண்டது.