வளைந்து கொடுத்தவன்

“நான் உள்ளே வரமாட்டேன் ரூத். நீ வேணும்னா போ.”

திருப்போரூரில் கல்யாண மண்டபத்துக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் கலைவாணன் உட்கார்ந்துவிட்டான். உள்ளே அவனுடைய ஒரே தம்பி தீனதயாளனுக்குக் கல்யாணம்.

“கூடப் பொறந்தவருங்க. தாலி கட்டுற நேரத்துக்காவது வந்து நில்லுங்களேன்.”

“ஜாதகம் பாத்து, சொந்த ஜாதியில பொண்ணு எடுத்து, ஐயரை வெச்சு மந்திரம் ஓதி... இதெல்லாம் நமக்கு வேணாம்னு என்னைவிடச் சத்தமாப் பேசினவன் அவன். ரெண்டு பேருமா சேர்ந்துதான் முடிவெடுத்தோம். இப்ப அவன் மட்டும் நழுவிட்டான்.”

ரூத் பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து மண்டபத்துக்குள் போய்விட்டாள்.

கலைவாணனுக்கு ஆத்திரம் ஆறவில்லை. அவனும் ரூத்தும் போன ஆனியில்தான் செங்கல்பட்டில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். “கிறிஸ்தவப் பொண்ணைக் கட்டினா உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல” என்று ஒரு வருஷமாகக் குதித்த அப்பா துரை, அன்றைக்குக் காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தானாக வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். 

“நான் ஒரு இன்ச்சுகூட நகரல. அவருதான் இறங்கி வந்தாரு” என்று கலைவாணன் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வான்.

“அண்ணாத்த!”

நிமிர்ந்தான். கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், வெறுங்கால். இரண்டு பைக்குகளைக் கைகாட்டி நிறுத்திவிட்டு மாப்பிள்ளையே வந்து நின்றான்.

“இன்னாண்ணா இங்க குந்திகினு கீற? வாண்ணா. நீ இல்லாம எப்படிண்ணா மேடையில உக்காருவேன்?”

“இன்னாடா வேஷம் இது?”

“வேஷம்தான். வுடு. ஜெயப்பிரியாவ எனக்குப் புடிச்சிருக்கு, அது பொய்யில்ல. மத்ததெல்லாம் ஒரு நாள் கூத்து. வா.”

“முதுகெலும்பு இல்லாதவன்டா நீ. நைனா ஒரு அதட்டு அதட்டினதும் படுத்துட்ட. உன்னை என் தம்பின்னு சொல்லிக்கவே கூச்சமா இருக்கு.”

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தீனதயாளன் முகம் சுண்டிப்போனது. மாலையிலிருந்து உதிர்ந்த பூவைக் கையில் வைத்து உருட்டினான்.

“நாஸ்தா துன்னுருக்க மாட்ட. இங்கயே குடுத்தனுப்பறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். மேல்துண்டு தோளில் நிற்காத வேகம்.

“மாலையும் கழுத்துமா வந்தவன நடுரோட்டுல வெச்சு இன்னாடா சொன்ன? கண்ணத் தொடச்சிகினு வந்து மணையில உக்காருறான்.”

“உள்ளதத்தான் சொன்னேன் நைனா. உன் எதிர்ல நான் நின்ன மாதிரி அவனுக்கு நிக்கத் தெரியல.”

துரை அவனையே பார்த்தார். பிறகு பெஞ்சில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“நீ நின்னதுக்கா நான் செங்கல்பட்டு வந்தேன்?”

“பின்ன?”

“உன் கல்யாணத்துக்கு மொத நாள் வரிக்கும் வர்ற எண்ணமே எனக்கு இல்ல. அவன்தான் என் கால்ல வுழுந்தான். ‘என் கல்யாணத்த உன் இஷ்டம்போலப் பண்ணிக்க நைனா. நீ சொல்ற எடத்துல பொண்ணு, நீ சொல்ற கோயிலு, நீ சொல்ற ஐயரு. நாளைக்கு அண்ணங்கூட மட்டும் போய் நில்லு. யாருமில்லாதவனாட்டம் அது கல்யாணம் பண்ணக்கூடாது’ன்னான். இதான் சாக்குன்னு நானும் ஒத்துக்கினேன். அவங்கிட்டப் போயி பேரம் பண்ணேனேன்னு எனக்கே அசிங்கமாத்தான் கீது.”

அத்தனை பேருக்கு முன்னால் தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கலைவாணன் மேலேயே திரும்பி வந்து விழுந்தது.

எழுந்தான். “நான் வரேன் நைனா. அவன் கையைப் பிடிச்சு மன்னிப்பு கேக்கணும்.”

“வா. வந்து நில்லு. ஆனா மன்னிப்பு கின்னிப்புன்னு அவங்கிட்ட வாயே தொறக்காத” என்றார் துரை. “‘அண்ணன் தானே ஜெயிச்சதா நெனச்சிகினு இருக்கட்டும், கடைசி வரிக்கும் சொல்லிடாத நைனா’ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கி வெச்சிகீறான்டா!”