பில் கவுண்டர் கீபோர்டு

“வூட்டு கம்ப்யூட்டருக்கு இதப் போயி எதுக்குண்ணே தேடி வாங்குனீங்க? கடையில பில்லு போடுறதாச்சே!” என்றான் ராஜ்மோகன். பாலக்கரையில் பழைய கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். அவனிடம்தான் ஆசீர்வாதம் அந்தக் கீபோர்டை வாங்கியிருந்தார்.

“நூத்தி இருபத்தெட்டு பட்டன் இருக்குது தம்பி. ஒவ்வொண்ணுக்கும் நம்ம இஷ்டத்துக்கு வேல குடுக்கலாம்.”

சமையலறையில் ‘டக்’ என்று சத்தம். கூடவே ஆசீர்வாதத்தின் மனைவி மதலேனாவின் குரல். “யாருங்க வந்திருக்காங்க?”

“கம்ப்யூட்டர் கடத் தம்பி!”

டக். “டீ போடட்டுமா?”

“சக்கர கம்மியா போடுங்கக்கா.”

டக். “செருப்ப வெளியில வுடச் சொல்லுங்க.”

ராஜ்மோகன் அவசரமாகச் செருப்பை வாசலில் விட்டு வந்தான். “கீபோர்டு எங்கண்ணே?”

“உள்ளதான். போயி பாரு.”

அடுப்பு மேடையில் இருந்தது கீபோர்டு. ஒவ்வொரு பட்டனின் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடிக்கு அடியிலும், தன் தொழிலில் பீங்கான் பொம்மைக்குக் கண் வரையும் தூரிகையால் ஆசீர்வாதம் எழுதிய துண்டுக் காகிதம். மதலேனா டீயை வடிகட்டிக்கொண்டே ஒரு பட்டனைத் தட்டினாள்.

“உக்காருங்க தம்பி” என்றது ஸ்பீக்கர். அவள் உதடு அசையவில்லை. கழுத்தில் ஆபரேஷன் தழும்பு.

“இனிமே குரல் வராதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. எதெத வச்சிக்கணும்னு யோசிச்சி, பத்து நாளு அவளே பேசிப் பதிஞ்சி வச்சா” என்றார் ஆசீர்வாதம்.

ராஜ்மோகன் ஒவ்வொரு பட்டனாகப் படித்துக்கொண்டே போனான். கடைசிப் பட்டனில் மட்டும் வெறும் காகிதம்.

“இது காலியாக்கா?”

அவள் அதைத் தட்டினாள்.

வீடு முழுக்கக் கேட்டது, மதலேனாவின் சிரிப்பு.