ஏழாம் வார்டுப் புகார்

மருத்துவமனையின் நாலு ஜன்னலிலும் "இங்க இல்லம்மா, அங்க" என்று விரட்டப்பட்டு, கால் கடுக்க அலைந்து, கடைசியாக அவள் வந்து உட்கார்ந்த இடம் புகார்ப் பிரிவு. எதிரே, வேர்வைக்கோ என்னவோ, கழுத்தில் கைக்குட்டை கட்டிய ஒரு குமாஸ்தா.

"என் வீட்டுக்காரர் சந்தையில ஏலம் கூவுறவர் சார். நிமோனியான்னு கூட்டிட்டு வந்தோம். வாய் வழியா டியூப் விட்டு, பதினெட்டு நாள் மெஷின்ல வச்சிருந்தீங்க. உயிர் பிழைச்சுட்டார், இல்லைங்கல. ஆனா டியூப் உரசிப் புண்ணாகி, மூச்சுக்குழாயே சுருங்கிப்போச்சு. இப்ப தொண்டையில ஓட்டை போட்டு மூச்சு விடறார். சந்தையில அவர் இடத்துக்கு வேற ஆளும் வந்தாச்சு. இதுக்கு யார் சார் பதில் சொல்றது?"

குமாஸ்தா தலையாட்டிக்கொண்டே எதையோ எழுதித் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். 'எந்த வார்டு?'

"ஏழு."

இன்னொரு தாள். 'குழாயை விரிச்சுப் பார்த்தாங்களா?'

"மூணு தடவை. விரிக்க விரிக்கத் திரும்பச் சுருங்குது." அவளுக்குப் பொறுமை போயிற்று. "ஏன் சார், நான் இங்க தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன். நீங்க வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமோ?"

குமாஸ்தா பேனாவை வைத்தார். கைக்குட்டையை அவிழ்த்து, கழுத்திலிருந்த துளையை விரலால் அடைத்துக்கொண்டார்.

"எனக்கும் ஏழாம் வார்டுதாம்மா." பாதி காற்றாக வந்தது குரல். "புகார் கொடுக்கத்தான் வந்தேன். இந்த நாற்காலியைக் கொடுத்தாங்க."

விரலை எடுத்து மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி அடைத்தார்.

"அடுத்த மாசம் நான் ரிட்டயர் ஆகறேன். உங்க வீட்டுக்காரருக்குக் கையெழுத்து நல்லா இருக்குமா?"