சிறியரில் ஒருத்தி

பியூலாவின் உதடு கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது, இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. ஆண்டர்சன்பேட்டை சர்ச்சுக்குப் புதிதாக வந்த போதகர் ஆஷ்லி, திங்கட்கிழமை காலையில் அவளை அந்தக் கோலத்தில் பார்த்ததும் பதறிப்போனார்.

எல்லாம் புருஷன் மாணிக்கராஜ் வேலைதான். படுபாவி நேற்று சாயங்காலம் பெல்ட்டால் விளாசி, தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதியிருக்கிறான். அப்புறம் வழக்கம்போல் பாட்டிலோடு நந்திதுர்க் பக்கம், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் பழைய ஷாஃப்ட் குழி ஓரமாய்க் குடித்துவிட்டுக் கிடக்கப் போய்விட்டானாம்.

மாவு அரைத்து விற்றுத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. இப்போது குழவிக்கல்லும் வீட்டில் இல்லை என்றாள். அதையும் விற்றுக் குடித்துவிட்டானா என்று ஆஷ்லி பல்லைக் கடித்தார். கதவைத் தாழிட்டு, அவன் தேடி வருவதற்குள் கோலாரில் ஒரு விடுதிக்குப் போய்விடலாம் என்று படபடத்தார்.

அவளோ நிதானமாகப் பையிலிருந்து பைபிளை எடுத்தாள்.

“நேத்து பிரசங்கத்துல சின்னவங்களுக்கு ஒரு கிரேக்க வார்த்தை சொன்னீங்களே பாஸ்டர், அது இன்னா?”

அடிபட்டு வந்தவள் கேட்கிற கேள்வியா இது! ஆனால் செமினரியில் கிரேக்கத்தைக் கரைத்துக் குடித்தவருக்கு வாய் சும்மா இருக்குமா? ‘மிக்ரோஸ்’ என்றார். சிறிய என்று அர்த்தம். வயதில் மட்டுமில்லை, திருப்பி அடிக்கத் தெம்பில்லாதவரையும், யாரும் மதிக்காதவரையும் சொல்லும்.

“இங்க ‘சிறியரில் ஒருவன்’னு போட்டிருக்கே. பொம்பளைங்க வருவாங்களா?”

அந்த வசனத்தில் அது ‘சிறியரில்’ என்று பன்மையில், ‘மிக்ரோன்’ என்று நிற்கிறது, அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம்தான் என்று விளக்கினார். “நீயும் அதுல சேர்த்திதாம்மா.”

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. விரலை வைத்து வசனத்தைத் தடவிப் படித்தாள். சிறியரை இடறச் செய்கிறவனைக் கழுத்தில் எந்திரக்கல்லை, அதாவது மாவரைக்கும் கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவதே அவனுக்கு நல்லது என்று இருந்தது.

வெளியே ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. ஆஷ்லிக்கு வியர்த்துவிட்டது. அவன் இங்கே வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உள்ளே போ என்றார்.

“அவரு வரமாட்டாரு பாஸ்டர்” என்று அவள் பைபிளை மூடினாள். “நம்ம ஊர்ல கடல் ஏது? ஷாஃப்ட் தண்ணியிலதான் தள்ளுனேன்.”