எட்டாம் வரிசை, மூன்றாம் கட்டம்

"யூகோஸ்லாவியான்னு எழுதுடா, பராக்குப் பார்த்துட்டு நிக்காம!"

கறுப்புக் கண்ணாடிப் பெரியவர் போட்ட அதட்டலில் நூலகமே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தது.

"எழுதிட்டேன்டா, ஊரைக் கூட்டாதே" என்றபடி, பக்கத்தில் நின்ற ஒல்லிப் பெரியவர் சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டார்.

நூலகர் அம்மாள் மேஜையிலிருந்தே பார்த்துவிட்டார். சீட்டில் இருந்தது யூகோஸ்லாவியா இல்லை. குரோவேஷியா.

தினம் ஒரு கேள்வி, கரும்பலகையில். இந்த மாதம் முழுக்க ஐரோப்பிய நாடுகள், நகரங்கள். இன்றைய கேள்வி, 'ஜாக்ரெப் எந்த நாட்டில் இருக்கிறது?' ஜோடியாகவும் சேரலாம். முப்பது நாளும் சரியாகச் சொன்னவர்கள் பெயர் வாசலில் பெரிய எழுத்தில் ஏறும். இந்த இருவரும் இன்றோடு இருபத்தொன்பது நாளைத் தாண்டிவிட்டார்கள். ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத.

சொன்னதையா எழுதினார்? நாலைந்து நாளாகவே இந்தத் தில்லுமுல்லு நடக்கிறது.

அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஒல்லிப் பெரியவரை அலமாரிகளுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. கண்ணு தெரியாத மனுஷர் ஒண்ணு சொல்றார், நீங்க ஒண்ணு எழுதுறீங்க. இது அவரை ஏமாத்துற மாதிரி இல்ல?"

"உஷ்... அவன் காதுல விழப்போகுது!"

பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முப்பத்தாறு வருஷம், வெளிநாட்டுத் தபால் பிரிக்கிற எடத்துல நானும் அவனும் ஒரே பலகை முன்னாடி நின்னவங்கம்மா. அவன் ஓங்கி ஓங்கிக் குத்துவான்னு முத்திரைன்னு பேரு. நான் காத்தடிச்சாப் பறந்துருவேன்னு ஏர்மெயில். பலகை முழுக்கக் கட்டம் கட்டமா இருக்கும், ஒரு நாட்டுக்கு ஒரு கட்டம். உறையைத் தொட்டா கை தானாப் போகும். ஜாக்ரெப்பா? எட்டாம் வரிசை, மூணாம் கட்டம், யூகோஸ்லாவியா. நாங்க டவுன் பஸ் கடைசி ஸ்டாப்பைத் தாண்டினதில்ல. ஆனா அந்த ஊருக்கெல்லாம் போன நல்லது கெட்டது அத்தனையும் எங்க கையைத் தொட்டுட்டுத்தான் போச்சு. நீலக் கவர் என்ன, பனி பெய்யுற படம் போட்ட கார்டு என்ன..."

அவர் விரல் அலமாரித் தட்டுகளை ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டு போனது.

"அவனுக்கு இப்ப எல்லாம் இருட்டு. அந்தப் பலகை ஒண்ணுதான் உள்ளுக்குள்ள பளிச்சுனு நிக்குது. அந்தக் கட்டமே இப்ப இல்லடா, துண்டு துண்டாப் போச்சுடான்னு நான் எந்த வாயால சொல்றது?"

நூலகர் அம்மாளுக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

"ஐயா, நாளைக்குக் கடைசி நாள். எல்லாம் சரியா வந்தா, முப்பது சீட்டையும் எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிக்கணுமே!"

ஏர்மெயில் முகம் சுருங்கியது. "வாசிக்காம விட முடியாதாம்மா?"

"மத்தவங்க விடமாட்டாங்க. போன மாசம் ரெண்டு சீட்டை வாசிக்க மறந்ததுக்கே சட்டையைப் பிடிக்காத குறை."

"எங்க பேரு வாசல் பலகையில வரணும்னு அவனுக்குக் கொள்ளை ஆசைம்மா. ஊரார் பேரையெல்லாம் படிச்சுப் படிச்சுப் பிரிச்சோம். எங்க பேரை எவனும் எங்கேயும் எழுதினதில்ல."

மறுநாள் கேள்வி, 'பிராட்டிஸ்லாவா எந்த நாட்டில் இருக்கிறது?'

வாசித்துக் காட்டியதுதான் தாமதம். முத்திரை கைத்தடியைத் தரையில் ஒரு குத்துக் குத்தினார்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா? செக்கோஸ்லோவாக்கியா! எழுதுடா ஏர்மெயில்!"

ஏர்மெயிலின் பேனா சீட்டின் மேல் வெகுநேரம் நின்றது. அப்புறம், நண்பன் சொன்னதை எழுத்துப் பிசகாமல் எழுதினார். அம்மாளைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுப் பெட்டிக்குள் போட்டார். ஒரே ஒரு தப்பு. இனி யாரும் எதையும் வாசிக்க வேண்டியதில்லை.

"ஆட்டோ கிடைக்குதான்னு பார்த்துட்டு வரேன்டா" என்று விறுவிறுவென வெளியே போனார்.

"அம்மா, போயிட்டானா?" என்றார் முத்திரை.

"போயிட்டார் ஐயா."

"இன்னிக்கு என்ன எழுதினான்?"

பொய் சொல்லத் தேவையில்லாமல் போனதில் நூலகர் அம்மாளுக்கு ஒரு நிம்மதி. "நீங்க சொன்னதைத்தான் ஐயா. செக்கோஸ்லோவாக்கியா."

முத்திரை படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட மடப்பயலே! அது ரெண்டாப் பிரிஞ்சு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சேம்மா! ஸ்லோவாக்கியான்னு எழுத வேண்டியதுதானே? இத்தனை நாளும் ஒழுங்கா மாத்தித்தான் எழுதியிருப்பான்னு நம்பிக்கிட்டு இருந்தேனே!"

"உங்களுக்கு... தெரியுமா?"

"கண்ணுதாம்மா போச்சு. வீட்டுல ரேடியோ நாள் பூரா ஓடுது."

"அப்புறம் ஏன் ஐயா தப்புத் தப்பா...?"

முத்திரை வாசல் பக்கம் காதைத் திருப்பினார். காலடிச் சத்தம் இல்லை என்று உறுதியானதும் மெல்லச் சொன்னார்.

"சம்சாரம் போனதுக்கு அப்புறம் எட்டு மாசம் அவன் கதவையே திறக்கலம்மா. எழுதித் தர்றதுக்கு மட்டும்னா என் பேத்தி போதும்னு அவனுக்கும் தெரியும். நான் தப்பாச் சொன்னாத்தானே, 'நாம போகலைன்னா இவன் தேறமாட்டான்'னு காலையில எழுந்து சட்டையை மாட்டுவான்?"