நாலு கை வேண்டும்

"ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் உன் பொறுப்பு தம்பி. அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் அண்ணன் பொறுப்பு. பாட்டு ஓட ஓட ஏத்தி இறக்கணும். ஒருத்தர் கோட்டை விட்டாலும் மறுபடி முதல்ல இருந்துதான்," என்றாள் அக்கா.

சின்னவன் மாடி அறையின் வாசலிலேயே நின்றான். மேஜைமேல் ரெக்கார்டர் இருந்தது. கைப்பையில் போட்டு எடுத்துப் போகிற அளவுதான். அதில் வரிசையாக, ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் ஒன்றென்று, மேலும் கீழும் நகர்த்துகிற எட்டுக் குமிழ்கள். அதன் முன்னால் ஒரே ஒரு பெஞ்சு. பெஞ்சின் பாதியில் பெரியவன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

"அவரும் வர்றார்னு நீ சொல்லவே இல்லையேக்கா?"

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா? நாளைக்கு அம்மாவோட வருஷப் பிரார்த்தனை. அம்மா பாடினதைப் போடறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எனக்கு இருக்கிறது ரெண்டே கை. உக்காரு."

உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவே ஒரு தலையணை வைக்கலாம்; அவ்வளவு இடைவெளி.

போன வருடம் அம்மாவின் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவன் சின்னவன். பெரியவன் பஸ் டிரைவர். அன்று வெளியூர் வண்டியில் இருந்தான். டாக்டர் அவசரப்படுத்தினார், அண்ணனைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அம்மா பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால், "உன் கையெழுத்துதான்டா அம்மாவைக் கொன்னுச்சு" என்றான் பெரியவன். அதோடு பேச்சு நின்றுபோனது. இந்த ஒரு வருடத்தில் அந்த வாக்கியத்தைச் சின்னவன் தினமும் ஒரு தடவையாவது மனதுக்குள் கேட்டிருக்கிறான், தன் தையல் கடையின் மெஷின் சத்தத்துக்கு நடுவிலும்.

அக்கா பட்டனை அழுத்தினாள். அம்மாவின் குரல் வந்தது.

முதல் குமிழில், அக்கா முன்பு பதிவு செய்து வைத்திருந்த அம்மாவின் குரல். அதன்மேல் சின்னவன் விரல். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சரான அக்காவும் அவளோடு வேலை செய்பவர்களும் பின்னால் சேர்த்த குரல், கீபோர்டு, வயலின், தாளம் எல்லாம் மற்ற ஏழில். இரண்டாவது சரணத்தில் அம்மா மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பியிருக்கிறாள். குரல் கம்மும், ஏற்ற வேண்டும். அதே நொடியில் வயலின் இறங்க வேண்டும். இறங்கவில்லை.

"நிறுத்து, நிறுத்து! அக்கா, அவர்கிட்ட சொல்லு, வயலினைக் குறைக்கணும்னு."

"பாப்பா, நான் குறைச்சேன்னு அவன்கிட்ட சொல்லு," என்றான் பெரியவன் தங்கையிடம்.

"லேட்டா குறைச்சார்னு சொல்லு."

"நான் என்ன தபால்காரியா?" என்றாள் அக்கா. மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

மனிதர்கள் பேசாமல் இருப்பதற்குத்தான் எவ்வளவு பாடுபடுகிறார்கள்!

இரண்டாவது தடவையும் வயலின் தவறியது. மூன்றாவது தடவை தாளம். சின்னவனுக்குப் பொறுக்கவில்லை.

"இப்படித்தான் பஸ்ஸையும் ஓட்டறீங்களா? ஸ்டாப் தாண்டித்தான் பிரேக்கா?"

ஒரு வருடத்தில் நேருக்கு நேர் சொன்ன முதல் வார்த்தை. வாய் தவறி வந்துவிட்டது.

"ஏறுற ஆளு உன்ன மாதிரி கத்தினா எந்த டிரைவரும் தடுமாறுவான்," என்றான் பெரியவன், குமிழைப் பார்த்தபடி. "நீ வேணா சொல்லு, எப்போ இறக்கணும்னு."

அதற்குப் பிறகு சின்னவன் மெல்லச் சொல்ல ஆரம்பித்தான். "இப்போ... இப்போ இறக்குங்க... போதும்." பெரியவன் கை கேட்டது. நான்காவது தடவை, இரண்டாவது சரணம் பூப்போலக் கடந்தது. மூன்றாவதில் அம்மா இருமிய இடத்தில் சின்னவன் விரல் தாழ்ந்து எழுந்தது. இருமல் காணாமல் போனது.

கடைசி வரி முடிந்ததும் எட்டையும் ஒன்றாக இறக்கச் சொல்லியிருந்தாள் அக்கா. பெரியவன் தன் நாலையும் இறக்கினான். சின்னவனும் மூன்றை இறக்கினான். முதல் குமிழை மட்டும் விரல் இறக்க மறுத்தது.

இசையெல்லாம் ஓய்ந்த இடத்தில் அம்மா தனியாகப் பேசினாள்: "சரியா வந்துச்சாம்மா? இல்லேன்னா இன்னொரு தடவை பாடறேன்."

அக்கா பட்டனை நோக்கிக் கை நீட்டினாள்.

"அது இருக்கட்டும் பாப்பா, வெட்டாதே," என்றான் பெரியவன். பிறகு, எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு வண்டியில இல்லாம ஆஸ்பத்திரியில இருந்திருந்தா, நானும் அந்தக் கையெழுத்தைத்தான்டா போட்டிருப்பேன்," என்றான்.

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணீர் மேஜையில் விழுந்தது. அக்கா ரெக்கார்டர் நனையாமல் சட்டென்று நகர்த்திக்கொண்டாள்.

எட்டுக் குமிழ்களின் ஒலியும் இப்போது இடது, வலது ஸ்பீக்கருக்கென்று இரண்டாகச் சேர்ந்திருந்தது. சத்தத்தைச் சீராக்கி, கடைசிப் பிரதியாக மாஸ்டர் பண்ணும் வேலையை அக்கா பத்தே நிமிடத்தில் முடித்தாள். பெரியவன் கீழே இறங்கினான். அக்கா காபி டம்ளர்களோடு சமையலறைக்குப் போனாள்.

சின்னவன் புறப்படுமுன், இன்னொரு தடவை கேட்கலாமென்று ரெக்கார்டர் அருகே குனிந்தான். சின்னத் திரையில் அம்மா பாட்டின் பெயர் இரண்டு முறை இருந்தது. ஒன்றில் இன்றைய தேதி. மற்றொன்றில் போன மாதத் தேதி. ஹெட்போனை மாட்டி அதை அங்கங்கே தள்ளித் தள்ளி ஓடவிட்டான்.

வயலின் சரியான இடத்தில் தாழ்ந்தது. அம்மாவின் குரல் எழுந்தது. இருமல் இல்லை. முழுப் பாட்டும் முடித்து வைத்த மாஸ்டர்.

படிகளில் தடதடவென்று இறங்கினான். வாசலில் பெரியவன் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே! அக்கா நம்மள நல்லா ஏமாத்திட்டா. போன மாசமே தனியா முடிச்சு வச்சிருக்கா. இதுக்கு நாலு கையே வேண்டாம்ணே!"

பெரியவன் நிமிரவில்லை.

"தெரியும்டா. முடிச்ச அன்னைக்கே எனக்குப் போட்டுக் காட்டிட்டா. நாலு கை வேணும்னு சொல்லி உன்னை எப்படியாவது வரவழைன்னு அவகிட்ட கெஞ்சினதே நான்தான்."